சிவப்பு இன்ட்டு மார்க்

1. வடக்குப்பட்டு ஏரிக்கரையில் ஒரு ஞாயிறு மாலை பழைய கல்வெட்டு ஒன்றைப் பார்த்தேன்.
2. ஏழு வரிகளில் மூன்றை நோட்டில் எழுதிக்கொண்டேன்.
3. இருட்டிவிட்டதால், விட்ட இடம் தெரிய நான்காம் வரியின் மேல் சிவப்பு மார்க்கரால் இன்ட்டு மார்க் போட்டேன்.
4. அடுத்த ஞாயிறு கல் அங்கே இல்லை.

நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதகர். கல்வெட்டு என்று பேச்செடுத்தாலே விடுதித் தோழிகள் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். அதனால் யாரிடமும் சொல்லாமல், வாரம் முழுக்க மீதி வரிகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது கரையில் மாடு ஓட்டி வந்தார், தொழிற்சாலையில் எங்கள் லைனில் வேலை செய்யும் கஸ்தூரி அக்கா. கல்லைப் பற்றிக் கேட்டேன்.

“ரோடு போட ஒடச்சிட்டாங்க மேடம். எழுத்து கீதேன்னு நாந்தான் ஓரமா வைக்கச் சொன்னேன். அப்பால பார்த்தா செவப்பு இன்ட்டு. ரிஜெக்ட்டுன்னு நானே சொல்லிட்டேன். நம்ம லைன்ல செவப்பு இன்ட்டுன்னா அதானே?”

“அது நான் போட்டது, அக்கா.”

சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “ரெண்டு வருசமா பக்கத்துலயே நிக்கறேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, கண்ணு?”

அத்தனை நாளில் நான் அவரிடம் பேசியது ‘ஓகே’, ‘ரிஜெக்ட்’ இரண்டும்தான்.

மூன்று வரிகள் என் நோட்டில் இருக்கின்றன. மற்ற நான்கும் வடக்குப்பட்டு ரோட்டுக்கு அடியில் இருக்கின்றன.