நடு ஆற்றில் ஒரு பகல் தூக்கம்

நம்புகிறவர்கள் நம்பட்டும். திருத்தணியில் பஸ் மெக்கானிக்காக இருந்த வாஹித் இதை யாரிடம் சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்வார். ஒரு வார்த்தை கூடாது, ஒரு வார்த்தை குறையாது. நடந்ததும் நள்ளிரவில் இல்லை. சுள்ளென்று வெயில் அடித்த பட்டப்பகலில்.

1947, தை மாதம். யுத்தம் முடிந்துவிட்டது; அலுப்பு மட்டும் முடியவில்லை. பெட்ரோல் கிடைக்காத வருஷங்களில் கரிப்புகையில் ஓடிய பஸ்களை இழுத்துப் பிடித்து ஓட வைத்தவர் வாஹித். அவர் மனைவி ஹுசைனா, படுக்கையில் கிடந்த மாமியாரை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டவள். மாமியார் கண் மூடி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இன்னும் ஹுசைனா நடு ராத்திரியில் "தோ வந்துட்டேன்" என்று எழுந்து உட்காருவாள். தூக்கம் என்பதே இருவருக்கும் மறந்து போயிருந்தது.

பஸ் முதலாளி கோதண்டபாணி, ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் படகு ஒன்று வாங்கியிருந்தார். உள்ளே சின்ன அறை, படுக்க இரண்டு பலகை, பின்னால் எஞ்சின். பூண்டியில் அணை கட்டிய பிறகு கொசத்தலை ஆறு கடல் மாதிரி தேங்கி நின்றது. படகு அங்கேதான் கிடந்தது. எஞ்சின்தான் ஓடவில்லை.

"வாஹித் பாய், சம்சாரத்தையும் இட்டுகினு போ. படகுலயே தங்கி நிதானமா ரிப்பேர் பண்ணு. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே தூக்கம் வருது" என்றார் கோதண்டபாணி.

கரையில் நிலம் வைத்திருந்த கண்ணையன் படகைத் தள்ளிவிட்டார். வாஹித் துடுப்புப் போட்டு நடு ஆற்றுக்குப் போய் நங்கூரம் இறக்கினார்.

அப்படி ஒரு சுகத்தை அவர்கள் வாழ்க்கையில் கண்டதில்லை. காலையில் கண் விழித்தால் நாலு பக்கமும் தண்ணீர். கொக்கும் நாரையும் தலைக்கு மேல் போகும். ஹுசைனா காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு டீ குடிப்பாள். வாஹித் தூண்டிலில் கெண்டை பிடிப்பார். அவள் மிளகாய் அரைத்துத் தடவி வறுப்பாள். கூப்பிட ஆள் இல்லை. அவசரம் இல்லை. சாப்பிட்டுச் சாய்ந்தால், படகு தூளி மாதிரி மெல்ல ஆடும். அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வரும்.

ஒரு மத்தியானம் வாஹித்துக்கு லேசாக விழிப்பு வந்தது. படகு ஆடிக்கொண்டிருந்தது. வெளியே பார்த்தார். காற்றே இல்லை. தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. அலை இல்லை.

பிறகு எது ஆட்டுகிறது?

யோசிப்பதற்குள் மறுபடி தூங்கிப் போனார்.

சாயங்காலம் ஹுசைனா கேட்டாள். "நீங்களே களைச்சுப் போயிருக்கீங்க. என் காலை எதுக்கு அமுக்கினீங்க?"

"நானா? நான் எழுந்திருக்கவே இல்லியே."

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் இன்னொன்று. படகு தண்ணீரில் அதிகமாக அமிழ்ந்திருந்தது. எங்கோ ஓட்டை என்று நினைத்து அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் பாரம்... ஆள் ஏறிய பாரம்.

அன்றே எஞ்சினைச் சரி செய்து முடித்தார். கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் சாப்பிட்டதும் கண் செருகியது. ஹுசைனா ஏற்கெனவே தூங்கியிருந்தாள். கொஞ்சம் சாய்ந்தார்.

நெற்றியில் ஒரு கை விழுந்தது.

குளிர்ந்த கை. ஈரக் கை. மெதுவாகத் தடவியது... அதில் எத்தனை பரிவு! வாஹித் கண்ணைத் திறக்க விரும்பவில்லை. இப்படியே கிடந்தால் போதும். இனி எழுந்திருக்கவே வேண்டாம்...

"தூங்கு நைனா" என்றது ஒரு குரல், பிள்ளையைத் தூங்க வைப்பது போல. காதோரம்.

சொட்... சொட்...

தண்ணீர் சொட்டும் சத்தம். ஓர் இடத்தில் இல்லை. அறை முழுக்க.

இமையை இழுத்துத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை. ஆனால் வெயில் விழுந்த பலகையில் நிழல்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த நிழல்கள். நெருக்கமாக. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு.

ஹுசைனாவைப் பார்த்தார்.

உதடு நீலம். கூந்தலிலிருந்து தண்ணீர் ஒழுகியது. முகத்தில் மட்டும் சிரிப்பு.

கத்தினார். குரல் வரவில்லை.

கை அசையவில்லை.

கால்...

அசைந்தது!

உருண்டு விழுந்தார். தவழ்ந்தார். நங்கூரக் கயிற்றை அறுத்தார். எஞ்சின் கைப்பிடியைச் சுற்றினார். ஒரு தரம். இன்னொரு தரம். "யா அல்லா!" எஞ்சின் உறுமியது. படகு நகர மாட்டேன் என்றது. பாறையை இழுப்பது போல இழுத்தது. பிறகு, பாதி வழியில், சட்டென்று லேசாகிப் பறந்தது.

கரையில் மோதியதும் ஹுசைனா கண் விழித்தாள். மூச்சு வாங்கினாள். பிறகு ஓவென்று அழுதாள்.

"ஏன் எழுப்பினீங்க? இனிமே எனக்கு அந்த மாதிரி தூக்கம் வருமா?"

அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினார் வாஹித். வயலிலிருந்து கண்ணையன் ஓடி வந்தார். படகுக்குள் எட்டிப் பார்த்தார். சுற்றிப் போய் மறுபடி பார்த்தார்.

"எங்க பாய் மத்தவங்க?"

"மத்தவங்களா?"

"உங்க சொந்தக்காரங்கதான். நீங்க தூங்குறப்ப எல்லாம் சுத்தி உக்காந்துகினு இருப்பாங்களே. தெனம் ரெண்டு பேரு, மூணு பேரு கூட வந்துகினே இருந்தாங்க. இப்பகூட படகு நிறைய ஆளுங்களோடதானே கெளம்பினீங்க..."

கண்ணையன் தண்ணீரைப் பார்த்தார். அவர் குரல் இறங்கியது.

"அப்ப என் கண்ணு பொய் சொல்லல. பாதி ஆத்துல, ஒருத்தர் பின்னால ஒருத்தரா எறங்கி நடந்து போனாங்க பாய். அங்க ஆழம் ரெண்டு பனை இருக்குமே?"