மாப்பிள்ளை வீட்டின் படை வரலாறு

“பிள்ளை, ரிவேர்ஸில போடு. மிரரைப் பார். மெல்ல, மெல்ல… இப்பிடித்தான் நாப்பத்தி நாலாம் ஆண்டு லத்வியன் டிவிஷனும் பின்னுக்கு வந்தது. பாவங்கள், அவைக்கு மிரரும் இல்லை.”

கனடாவில், ஸ்காபரோவின் பக்கத்துத் தெரு ஒன்றில், இரண்டு குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே காரை நுழைக்கப் பழகிக்கொண்டிருந்த துவாரகா பிரேக்கை ஓங்கி மிதித்தாள். பக்கத்து சீற்றிலிருந்து பழக்கிக்கொண்டிருந்த நீக்கிலாஸ் அண்ணையின் கையிலிருந்த தேநீர் பாதி அவருடைய காற்சட்டையில் கொட்டியது. மனிதர் அசர வேண்டுமே! காற்சட்டையைத் துடைத்தபடியே ரஷ்யாவின் வேலிக்கயா ஆற்றங்கரைக்குத் திரும்பிப் போய்விட்டார். அங்கே சோவியத் படை வந்துகொண்டிருந்தது. இங்கே பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

அறுபதை எட்டிப் பிடிக்கும் வயது. சீற் பெல்ற் வயிற்றின் மேலே போவதா கீழே போவதா என்று நாள்தோறும் தடுமாறும். காரின் கூரையில் ‘நீக்கிலாஸ் டிரைவிங் ஸ்கூல்’ என்ற பலகை. பெயரைவிடத் தொலைபேசி எண் பெரிது. அவரிடம் பழகிய பிள்ளைகள் நெடுஞ்சாலையில் லேன் மாற நடுங்குவார்கள். ஆனால் லத்வியரின் பதினைந்தாம் டிவிஷனை ஜெர்மன்காரர் எந்த ஆண்டு திரட்டினார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

“அங்கிள், உது ரோட் ரெஸ்ற்றில வருமோ?” என்று துவாரகா ஒருநாள் அப்பாவியாகக் கேட்டாள்.

“வராது. ஆனா வாழ்க்கையில வரும்,” என்றார் அவர்.

அவருடைய வாழ்க்கையில் அது வந்தது இளைய மகள் மெலனியின் வழியாக. அவள் ரைவிஸ் என்றொரு லத்வியப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, “இவரைத்தான் கட்டப்போறன்” என்று சொன்னாள். நல்ல பையன். மனைவி யூஜினி வைத்த இறைச்சிக் கறியைக் கண்ணீர் வழிய வழிய இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். பேச்சுவாக்கில், தன் பூட்டன் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரருக்குக் கீழே இருந்த லத்வியப் படையில் போராடியவர், சண்டை முடிந்ததும் குடும்பத்தோடு கனடாவுக்கு வந்தவர் என்றும் சொல்லிவைத்தான். வினை அங்கேதான் தொடங்கியது.

ஏனென்றால் நம்மவர்களுக்கு விசாரிக்காமல் சம்பந்தம் செய்யத் தெரியாது. மூத்தவள் ஸ்டெபனிக்கு மன்னார்ப் பக்கத்து மாப்பிள்ளை பேசியபோது, நீக்கிலாஸ் அண்ணை ஒஷாவாவில் இருந்த ஒரு சிநேகிதருக்கு ஒரே ஒரு போன் அடித்தார். மாப்பிள்ளையின் தாய்வழிப் பாட்டனுக்கு முழங்காலில் வாதம் என்பது வரை அன்று மாலையே தகவல் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் லத்வியனை யாரிடம் விசாரிப்பது? ஒஷாவாக்காரர் கையை விரித்துவிட்டார். “அண்ணை, லத்வியா எங்க இருக்கெண்டே எனக்குத் தெரியாது. நீங்கள் அவையின்ர சரித்திரத்தைப் பாருங்கோ.”

பார்த்தார். நூலகத்திலிருந்து பொதி பொதியாய்ப் புத்தகங்கள் வந்தன. குளியலறையிலும் ஒன்று இருந்தது. தொண்டர் படை என்று ஜெர்மன்காரர் பெயர் வைத்ததையும், அதில் பெரும்பாலானவர்களைக் கட்டாயமாகவே பிடித்துச் சேர்த்ததையும் வாசித்து, “அட கோதாரி, எல்லா இடத்திலயும் உதே விளையாட்டுத்தான்” என்று தலையில் கை வைத்தார். படை சிதறியது, மிஞ்சியவர்களை ஜெர்மனிக்குக் கொண்டுபோனது, கடைசியில் அவர்கள் ரஷ்யர்களிடம் அகப்படாமல் மேற்குப் பக்கப் படைகளிடம் சரணடைய ஓடியது எல்லாம் மனப்பாடம்.

ஒரு பக்கத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு நின்றுபோனது. அந்தப் படையில் சேர்ந்த சிலர் அதற்கு முன்னரே ஜெர்மன்காரருக்காகப் பொலிஸ் பிரிவுகளில் இருந்தவர்கள். அவர்களிலும் சிலர் யூதர்களைக் கொன்று குவித்ததில் கை நனைத்தவர்கள். மாப்பிள்ளையின் பூட்டன் எந்த வகை? கட்டாயத்தில் பிடிபட்டவரா, முதலே பொலிஸுக்குப் போனவரா? அந்தக் கேள்வி அவரை உண்ண விடவில்லை.

“உங்களுக்கு மாப்பிள்ளையைத் தெரியோணுமோ, மாப்பிள்ளையின்ர பூட்டனைத் தெரியோணுமோ?” என்று யூஜினி சீறினாள்.

“ரெண்டு பேரையும்தான். பேரப்பிள்ளையள் கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

ஊரில் என்றால் மாப்பிள்ளை வீட்டுக்கு அருகிலுள்ள கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தபடி, “உந்தக் குடும்பம் எப்பிடி?” என்று கேட்டால் போதும். ரெக்ஸ்டேலில் ஒரு மாணவனை இறக்கிவிட்டு வரும் வழியில் ஒரு லத்வியப் பேக்கரி இருந்தது. நீக்கிலாஸ் அண்ணை காரை வாசலிலேயே நிறுத்தினார். கறுத்த ரொட்டி ஒன்று வாங்கினார். கல்லாவில் நின்ற பெண்ணிடம் மெல்லச் சாய்ந்து, மாப்பிள்ளை குடும்பத்தின் பெயரைச் சொல்லி, அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். குடிப்பார்களா? கிறிஸ்மஸுக்கு மட்டும் என்றாள். பையனின் பாட்டன், அந்தக் கிழவர்? பிடிவாதக்காரர் என்றாள். பையன்? குறட்டை விடுவான் என்றாள். இவ்வளவு விபரம் தெரிந்த கடைக்காரியா என்று பூரித்துப்போய், கிழவரின் தகப்பன் படைக்குப் போகுமுன் என்ன செய்தார் என்றும் கேட்டுவைத்தார். அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே, கார்க் கூரையிலிருந்த பலகையைப் பார்த்தாள். “அது எனக்குத் தெரியாது” என்று சொல்லி ரொட்டியைப் பையில் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டில் விருந்து. போகுமுன் மெலனி தகப்பனை வாசலில் மறித்தாள்.

“அப்பா, ஐ ஆம் சீரியஸ். அங்க போய் அந்த டிவிஷனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டீங்கள் எண்டா, சேர்ச்சில என்னையும் அல்பேட் சித்தப்பா கூட்டிக்கொண்டு போகட்டும்.”

இந்த அடி எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்டெபனியின் கலியாணத்தன்று அவருக்குக் கோவிட் பிடித்திருந்தது. தம்பி அல்பேட் அவளைப் பீடம்வரை கைபிடித்துக் கூட்டிப்போனதைப் பேஸ்மென்றில் படுத்தபடி போன் திரையில் பார்த்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுத மனிதர் அவர். மெலனியோடு நடப்பதற்காகப் புதுச் சப்பாத்து வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக் கொரிடோரில் ஒத்திகையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சத்தியமாய்க் கேக்கமாட்டன்,” என்றார்.

மாப்பிள்ளை வீட்டுக் கதவு திறந்தது. திறந்தவள் பேக்கரிப் பெண். ரைவிஸின் தாய் இங்கா!

இங்கா எதுவும் நடக்காததுபோலக் கை குலுக்கி, “இவருக்கு எங்கள் ரொட்டி பிடிக்கும்” என்று மட்டும் சொன்னாள். மெலனி தகப்பனைப் பார்த்த பார்வையில் அந்த ரொட்டி மறுபடியும் ஒருமுறை வெந்திருக்கும்.

சாப்பாட்டு மேசையில் அவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். வாயில் கேள்வி எழும்பும்போதெல்லாம் ஒரு உருளைக்கிழங்கை உள்ளே தள்ளினார். ஹெரிங் மீனும் பீட்ரூட்டும் கலந்து ரோஸ் நிறத்தில் ஒன்று வந்தது. அதையும் தள்ளினார். இங்கா மகிழ்ந்துபோய்த் திரும்பத் திரும்ப அவருடைய சாப்பாட்டுக் கோப்பையை நிரப்பினாள். “என்னப்பா, வீட்டில சாப்பாடு தாறேல்லையோ?” என்று யூஜினி காதைக் கடித்தாள். பதில் சொல்ல அவருடைய வாயில் இடமில்லை.

எதிரே இருந்தவர் ரைவிஸின் பாட்டன் இமாந்த்ஸ். எண்பதைக் கடந்த நெடிய மனிதர், நீக்கிலாஸ் அண்ணை விழுங்குவதையே உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கைத்தடியை ஊன்றி எழுந்து, “வாருங்கள், கீழே போவோம்” என்றார். நீக்கிலாஸ் அண்ணை கன்னம் புடைத்தபடியே மகளைப் பார்த்தார். நான் கேட்கவில்லை, அவர்தான் கூப்பிடுகிறார் என்று இரண்டு கையாலும் காட்டிவிட்டுப் பின்னால் போனார்.

பேஸ்மென்ற் சோபாவில் இருவரும் அமர்ந்தார்கள்.

“பேக்கரியில் கேட்டது நீங்கள்தானே?” என்றார் இமாந்த்ஸ், ஆங்கிலத்தில்.

உருளைக்கிழங்கு தொண்டைக்குள் இறங்கியது. நீக்கிலாஸ் அண்ணை தலையாட்டினார்.

“என்னிடமே கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கும் தெரியாது. நாற்பத்து மூன்றில் கட்டாயமாகச் சேர்த்தார்கள் என்று அப்பா சொன்னார். அதற்கு முன்னால் மர ஆலையில் வேலை என்றார். ஒரேயொரு தடவை, எந்த ஊர் மர ஆலை என்று கேட்டேன். எழுந்துபோய்ப் புல் வெட்டத் தொடங்கிவிட்டார். அன்று காலையில்தான் வெட்டியிருந்தார். அதன் பிறகு நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.”

வெட்டின புல்லையே வெட்டும் மனிதரை நினைத்து நீக்கிலாஸ் அண்ணைக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. கிழவரின் முகத்தைக் கண்டதும் அது நெஞ்சோடு நின்றுவிட்டது.

“இனி என் முறை,” என்று இமாந்த்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பேரன் கட்டப்போகும் குடும்பம். நானும் உங்கள் நாட்டுச் சண்டையைப் பற்றி வாசித்தேன். அம்மாடி, எத்தனை இயக்கங்கள்! எல்லாவற்றின் பெயருக்கும் அதே ஆங்கில எழுத்துகள்தான், வரிசைதான் மாறுகிறது. எனக்குத் தலை சுற்றிவிட்டது. அந்தச் சண்டைக் காலத்தில் உங்களுக்கு இருபது வயது இருக்கும். நீங்கள் எங்கே இருந்தீர்கள்? என்ன செய்தீர்கள்?”

லத்வியாவின் ஆறு குளமெல்லாம் அறிந்த நீக்கிலாஸ் அண்ணை, தன் இருபது வயதில் ஊர்காவற்றுறையில் படகேறிய அந்த விடியலைப் பற்றி வீட்டில் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. கை தன்னையறியாமல் உருளைக்கிழங்கைத் தேடியது. சோபாவில் ஏது கிழங்கு?

படிக்கட்டில் மெலனி நின்றாள். தகப்பனின் வாயை அடைக்க ஓடிவந்தவள். கையில் கோப்பித் தட்டு. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இப்போதுகூட, கோப்பி ஆறுது, மேலே போவம் என்று எழும்பியிருக்கலாம். அவளே வந்து காப்பாற்றிவிடுவாள் என்றுதான் நினைத்தார்.

அவள் தட்டைப் படியில் வைத்தாள்.

“சொல்லுங்கோ அப்பா,” என்றாள். “எனக்கும் தெரியோணும்.”

மேலே யூஜினியும் இங்காவும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. நீக்கிலாஸ் அண்ணை கைலேஞ்சியால் வாயைத் துடைத்தார். பிறகு சோபாவில் சற்று நகர்ந்து மகளுக்கு இடம்விட்டு, அந்த இடத்தைக் கையால் இரண்டு தரம் தட்டினார்.