ஐந்தாவது டிராகன்

சுங்காயிலிருந்து வேலைக்காக ஈப்போவுக்கு வந்தவன் நான். மாலையில் அறையில் டிராகன், வீரன் என்று படம் போட்ட விளையாட்டு அட்டைகளைப் பரப்பி, இரண்டு பக்கமும் நானே ஆடுவேன். போன மாதம்தான் முதன்முறையாக ஒரு கடையில் நடந்த அட்டைப் போட்டிக்குப் போனேன்.

ஐந்தாவது டிராகன் அட்டையை மேசையில் வைத்ததும், எதிரே ஆடிய பெண் நிறுத்தினாள்.

"அண்ணே, ஒரு கட்டுல ஒரே கார்டு நாலுதான் வைக்கலாம்லா."

"படம் வேற வேறயா இருக்கே?"

"படம் மாறினாலும் பேரு ஒன்னுன்னா ஒரே கார்டுதான். கூட ஆடுறவங்க யாரும் சொல்லலையா?"

நான் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

விதிப்படி தோற்றேன். கிளம்பும்போது அவள், "அடுத்த ஞாயிறும் வாங்கண்ணே, ஆடலாம்" என்றாள்.

அறைக்கு வந்து வழக்கம்போல் இரண்டு பக்கமும் அட்டைகளைப் பரப்பினேன். எதிர்ப்பக்கம் போய் உட்கார மனம் வரவில்லை.