கோரிக்கை கிடைத்தது, வருகிறோம்

அன்றைக்குப் படகு வராமல் போனதற்குக் காரணம் நான். படகோட்டி அன்பு காரணம் இல்லை. மழையும் காரணம் இல்லை. நான்!

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. கேட்டுக்கொள்ளுங்கள்.

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் பக்கம் எங்கள் தெரு. பெருமழை என்றால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அதற்காகத்தான் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு இணையத்தில் ஓர் உதவிப் பக்கம் செய்து கொடுத்தேன். கம்ப்யூட்டர் சர்வர் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. லிங்கைத் தட்டி தெருவைத் தேர்ந்தெடுத்தால், சாப்பாடோ மருந்தோ, கேட்டது அந்தத் தெருத் தொண்டரின் போனுக்குப் போய்விடும். எந்தக் கோரிக்கை எங்கே போக வேண்டும் என்று சர்வருக்கு வழி எழுதி வைப்பதை ரூட்டிங் என்போம். அந்த வழிகளை சர்வர் மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும். கீழே இருப்பதைத் திரும்பியும் பார்க்காது.

புதிதாக வேலைக்கு வந்தவனுக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாதா?

மழைக்காலத்துக்கு முன்பு சங்கக் கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டினேன். யாரோ எதையோ தட்ட, "பக்கம் இல்லை" என்று வந்தது. செயலாளர் சிரித்தார்.

"இன்னா தம்பி, மழைக்கு முன்னாடியே முழுகிடுச்சா?"

கூட்டமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்தேன். வழி தெரியாத கோரிக்கை எது வந்தாலும் "கோரிக்கை கிடைத்தது, வருகிறோம்" என்று காட்டும்படி எழுதி வைத்தேன். இனி எவனும் சிரிக்கக் கூடாது... என் யோசனை அவ்வளவுதான்!

மழை வந்தது. கோவளம் பக்கத்து மீனவர் அன்பு, தன் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு தானாகவே வந்து நின்றார். நான் அவசர அவசரமாக "படகு வேண்டும்" என்று ஒரு பொத்தான் சேர்த்து, அதற்கான வழியைக் கடைசியில் எழுதினேன். எந்தச் சொல் வந்தாலும் தெருப் பெயர் என்று பிடித்துக்கொள்ளும் வழி ஏற்கெனவே மேலே உட்கார்ந்திருந்தது. அது என்ன செய்யும்? வந்த ‘படகை’ ஒரு தெருவின் பெயராக எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு தெரு இல்லை என்றதும் என் பொய்யிடம் தள்ளிவிட்டது. அன்புக்கு எதுவும் போகவில்லை. கேட்டவர்கள் போனில் மட்டும்... "வருகிறோம்."

மதியம் அன்பு என்னிடம் வந்து, ஒருத்தரும் கூப்பிடவே இல்லையே என்றார். நானே பொத்தானைத் தட்டிப் பார்த்தேன். என் போனில் "வருகிறோம்" என்று வந்தது. எதிரே நின்றவரின் கையிலிருந்த போன் சும்மா கிடந்தது.

புரிந்துவிட்டது. படகின் வழியை மேலே ஏற்றினேன். ஒரே ஒரு வரி! கொஞ்ச நேரத்தில் அவர் போன் அடிக்கத் தொடங்கியது.

ஆனால் காலையில் கேட்டவர்கள்? அவர்கள் யார், எந்த வீடு என்று எங்கும் பதிவாகவில்லை. அவர்கள் மறுபடி கேட்கவும் மாட்டார்கள். வருகிறோம் என்று சொன்னவனை நம்பி உட்கார்ந்திருப்பார்கள். இல்லை என்று காட்டியிருந்தால் வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பார்களே!

"காலையில் படகு கேட்டவர்கள் மறுபடி கேளுங்கள்" என்று சங்கத்தின் வாட்ஸப் குழுவில் எழுதினேன். அனுப்பவில்லை. ஏன் என்று கேட்பார்கள்... அழித்துவிட்டேன்.

வழியைத் தப்பாக எழுதியது பிழை. யாருக்கும் வரும். இதை என்னவென்று சொல்வீர்கள்?

பக்கத்துத் தெரு கல்யாணி டீச்சரும் அவர் கணவரும் காலையிலேயே படகு கேட்டவர்கள். இருட்டும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் ஏற ஏற ஒவ்வொரு படியாக மேலே நகர்ந்ததில் டீச்சர் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. இன்றுவரை அவர் எழுந்து நடக்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு சங்கத்தில் விசாரித்தார்கள். வருகிறோம் என்று பதில் வந்ததே என்றார் டீச்சரின் கணவர். செயலாளர் அன்பைப் பார்த்துத் திரும்பினார்.

"படகு மேல குந்திகினு போட்டோ புடிச்சினு இருந்தியா?"

"போன் வர்ல சார். வந்திருந்தா நீஞ்சினாவது போயிருப்பேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சார்ஜர் வயரில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். சிக்கே இல்லாத வயர்!

டீச்சர் வீட்டு வழியாகத்தான் நான் தினமும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். இப்போது சுற்றிக்கொண்டு போகிறேன்.

இந்த வருடமும் வானம் கறுத்துவிட்டது. பக்கத்தைத் திறந்துவிடு என்றார் செயலாளர். அன்பைக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றார். கோவளத்திலிருந்து வேறு படகும் வராதாம். அவர் வாங்கிய பேச்சு அங்கே எல்லோருக்கும் தெரியும். போனை வைக்கப் போனவர் நிறுத்தினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு சார். அந்த டீச்சர் நெசமாவே கூப்ட்டாங்களா?"

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம்...

"தெரியல அன்பு" என்றேன்.

"சரி சார்."

தூறல் விழுந்துகொண்டிருக்கிறது. லிங்கைக் குழுவில் போட்டுவிட்டேன். "படகு வேண்டும்" பொத்தான் அப்படியே இருக்கிறது. தட்டினால் "வருகிறோம்" என்றுதான் வரும். போய்ச் சேர ஒரு போன்கூட இல்லை. அதை எடுத்துவிட வேண்டும். எடுத்தால், ஏன் என்று கேட்பார்கள்.