பார்த்துக்கொண்டே நினைக்கச் சொன்னவர்

வெள்ளிக்கிழமை காலை என் மனைவி போனும் கையுமாக வந்து நின்றாள். "என்னங்க, நம்ம செலின் மேடம் போயிட்டாங்களாம். ஹார்ட் அட்டாக்." நாற்பத்திரண்டு வயது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யார் மேல் என்று தெரியவில்லை.

பக்கவாதம் வந்து படுத்த மரக்காணத்துக்காரர்கள் பலருக்கு அவரைத் தெரியும். எங்களை எழுப்பி உட்கார வைத்த பிசியோதெரபிஸ்ட். இருபது வருடம் உப்பு வாரிய என் வலது கை விழுந்தபோது, இனி அவ்வளவுதான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவர் செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டார். அதில் ஒருவர் பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார்.

"சும்மா பாக்காதீங்கண்ணா. பாக்கும்போதே உங்க கை அதைச் செய்யற மாதிரி நினைங்க. ரெண்டும் சேர்ந்தாதான் கையை ஆட்டுற மூளை நல்லா முழிச்சுக்கும்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "யாரும்மா இவன்? இந்த அழுத்து அழுத்துறான்! அடிச்சேறு கிளம்பி உப்பெல்லாம் கறுத்துடும். இவன்கூட நான் எப்படி வாரறது?"

"எங்க வீட்டுக்காரர்தாண்ணா. பேங்க்ல வேலை" என்று சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

மறுநாளே உப்பளத்துக்குப் போயிருக்கிறார். என் கூட்டாளி ஏழுமலையின் நெஞ்சில் துப்பட்டாவால் செல்போனைக் கட்டிவிட்டு, அவனை வாரச் சொல்லிப் படம் எடுத்து வந்தார். அதில் ஆள் இல்லை. இரண்டு கைகள், பலகை, மேலாக வழுக்கி வரும் உப்பு. அந்தக் கைகள் சீக்கிரமே என்னுடையவை ஆகிவிட்டன. தினமும் பார்த்துக்கொண்டே மனதில் வாரினேன். பிறகு அவர் தாங்கிப் பிடிக்க, நிஜமாகவும் முயன்றேன். "திட்டிக்கிட்டாவது செய்யுங்க" என்பார். நிறையவே திட்டினேன்.

நான்காம் மாதம் பலகையைப் பிடித்துவிட்டேன். பிடித்ததை விடத்தான் முடியவில்லை. என் மனைவிதான் விரல்களைப் பிரித்துவிட வேண்டும். "விடறதுக்கும் ஒரு வீடியோ எடுப்போம்ண்ணா" என்று போன வாரம்தான் செலின் சொன்னார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நானும் வலது கையில் அள்ளினேன். குழிக்கு மேல் நீட்டிய கை திறக்கவில்லை. பிரித்துவிட மனைவி வந்தாள். "இரு" என்றேன். எதிரே நின்றவர்கள் போடுவதைப் பார்த்தேன். ஒவ்வொருவரோடும் மனதில் நானும் போட்டேன். அவர் கணவர் போட்டபோது என் மண்ணும் விழுந்தது.

செலினிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கை. அது தானாகவே விரிந்ததைக் காட்ட அவர்தான் இல்லை.