சேற்றில் பிடித்த வாளை

ராஜவேலுவுக்குத் தூண்டில் பைத்தியம். பெரியபாளையத்துக்குக் கிழக்கே ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை வைத்திருந்த மனுஷன், நிலத்தைப் பார்த்தோமா மாட்டைப் பார்த்தோமா என்று இருந்தானா? வேலை முடிந்ததும் முடியாததுமாகத் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடிவிடுவான். மாட்டுவதெல்லாம் விரல் நீளக் கெண்டை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெண்சாதி சின்னப்பொண்ணு, பூனைக்கு நாஷ்டா வந்துவிட்டது என்று சிரிப்பாள்.

அறுபத்தாறாம் வருஷக் கோடையில் ஊரில் தமுக்கு அடித்தார்கள். ஏரி குளத்தில் பெரிய மீன் பிடிக்கிறவர்களுக்குத் திருவள்ளூர் கண்காட்சியில் சர்க்கார் பாராட்டுப் பத்திரமும் வெள்ளிக் கோப்பையும் தரப்போகிறதாம். பெரியபாளையத்தில் ஆபீசர் ஒருவர் வந்து எடை போடுவாராம். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தமுக்கடித்தவன் சொல்லவில்லை, ராஜவேலுவும் கேட்கவில்லை. கேட்பானேன்? அந்த ஊரில் மீன் பிடிப்பது என்றால் ஆம்பிளை கரையில் நின்று தூண்டிலோ வலையோ போடுவது. ஏரி வற்றிச் சேறானதும் பெண்கள் இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு இறங்கிக் கையால் துழாவுவார்களே, அதை யாரும் மீன்பிடி என்று மதித்ததில்லை. கீரை பறிக்கிற மாதிரி அதுவும் ஒரு வீட்டு வேலை. ஆம்பிளை எவனாவது அந்தச் சேற்றில் கை வைத்தால் கேலி பண்ணியே கொன்றுவிடுவார்கள்.

ராஜவேலு கோப்பை ஆசையில் கரையே கதி என்று கிடந்தான். கோழிக்குடல், மண்புழு, என்னென்னவோ மாட்டிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஏரியும் வற்றிப்போய், பெண்கள் சேற்றில் இறங்குகிற நாள் வந்துவிட்டது.

மதகடிப் பள்ளத்தில் துழாவிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு திடீரென்று ஐயோ என்றாள். பெரிய வாளை அவள் கையைக் கவ்வியிருந்தது. வாளைக்குப் பல் அரம் மாதிரி. வேறு யாராவதாக இருந்தால் உதறிவிட்டு ஓடியிருப்பார்கள். அவள் மற்றக் கையைச் செவுளுக்குள் விட்டு, மீனை மார்போடு அணைத்துப் புரண்டு எழுந்து கரைக்கு இழுத்து வந்துவிட்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வழன்று ரத்தம் ஒழுகியது.

ராஜவேலு ஓடி வந்தான். வந்தவன் முதலில் பார்த்தது மீனைத்தான், அவள் கையை அல்ல. பிற்பாடு எத்தனையோ வருஷம் அதை நினைத்து நினைத்து அவன் குன்றிப்போனான்.

"இது கணக்குல வராது சின்னப்பொண்ணு. தூண்டில்ல புடிச்சாத்தான் சர்க்காரு ஒத்துக்கும்."

அவள் மீனையும் அவன் முகத்தையும் பார்த்தாள். பாவம், எத்தனை நாளாக வெயிலில் காய்கிறான் என்று நினைத்தாளோ என்னவோ, அப்படியானால் நீயே பிடித்ததாக இருக்கட்டும், எனக்குக் குழம்பு போச்சு, அவ்வளவுதானே என்று சொல்லிவிட்டாள். துடித்துக்கொண்டிருந்த மீனின் வாயில் ராஜவேலு தன் கையாலேயே தூண்டில் முள்ளைக் குத்தினான். சுற்றி நின்ற பெண்கள் மறுபடி சேற்றில் இறங்கினார்கள்.

ஈரக்கோணியில் சுற்றி, சைக்கிளில் கட்டிக் கொண்டுபோனான். ஆபீசர் கேட்டது பேரும் ஊரும்தான். இவனோ கேட்காமலே அளந்து தள்ளினான்: கயிறு அறுந்துபோகிற மாதிரி இழுத்ததாம், கை எரிந்ததாம், விடாமல் போராடினானாம்.

திருவள்ளூர் மேடையில் முதல் பரிசு அவனுக்குத்தான். மைக்கில் அதே கதையை இன்னும் கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொன்னான். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அன்று சேற்றில் நின்ற அவன் ஊர்ப் பெண்களும் வந்திருந்து தட்டினார்கள். அவன் மானத்தை அவர்கள் வாங்கவில்லை.

கோப்பையை வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்கும்போது ஆபீசர் அடுத்த பேரைப் படித்தார். மீஞ்சூர்ப் பக்கத்துச் செல்லியம்மாள், வற்றிய குளத்துச் சேற்றில் வெறுங்கையால் பெரிய விரால் பிடித்தவர், இரண்டாம் பரிசு. ஒல்லியான ஒரு பொம்பிளை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறினாள். கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார் ஆபீசர். கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

ராஜவேலு கையிலிருந்த கோப்பையைப் பார்த்தான். தூண்டில் வேண்டும் என்று எவன் சொன்னான்? அவனேதான் சொல்லிக்கொண்டான். கூட்டத்தில் சின்னப்பொண்ணைத் தேடினான். அவளும் தட்டத்தான் பார்த்தாள். முடியாமல், மஞ்சள் துணி சுற்றிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ் வெங்கலைத் தாண்டியது. சின்னப்பொண்ணு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பொம்பள பேரை மைக்ல ரெண்டு வாட்டி சொன்னாங்க இல்ல?"

திட்டியிருந்தால் தேவலை. பத்திரத்துக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியவளும் அவளேதான். நாளாவட்டத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கின. கல்யாண வயசுக்கு வந்த மகளுக்கு அங்கே வேலை பார்க்கும் மாப்பிள்ளை தேடினார்கள். எழுபத்தாறில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைப் பையன் துளசிராமன் வீட்டார் அந்தப் பத்திரத்தைப் பார்த்து விசாரித்தார்கள். சின்னப்பொண்ணு காப்பியைக் கொடுத்துக்கொண்டே, பொண்ணோட அப்பா தூண்டில்ல புடிச்ச வாளைங்க என்று முழுக் கதையும் சொன்னாள். கயிறு இழுத்தது, கை எரிந்தது, எல்லாம். தம்ளரை நீட்டிய கையில் அந்தத் தழும்பு முழங்கைவரை ஓடியது. ராஜவேலு மாட்டைப் பார்க்கிற சாக்கில் கொல்லைக்குப் போய்விட்டான்.

அவர்கள் கிளம்பிய பிறகு சாப்பிட உட்கார்ந்தவன், மெதுவாகத்தான் சொன்னான்.

"இனிமே யார் கேட்டாலும் நீ புடிச்சதுன்னே சொல்லிடறேன், சின்னப்பொண்ணு."

அவள் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். கோபமாகக்கூட இல்லை.

"அன்னிக்கு மேடை இருந்துது, மைக்கு இருந்துது, அத்தினி சனம் இருந்துது. அப்ப சொல்லல. இப்ப சொல்லி இன்னாய்யா ஆவப்போவுது? துன்னு."

ராஜவேலு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவள் எதிரிலேயே நின்றதால் சாப்பிட்டு முடித்தான்.