ஐந்தாம் சரணத்தில் இறந்தவர்

எவர்ட் ப்ளோக்கர் 1921 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை வின்சம் என்ற டச்சுக் கிராமத்தில் பிறந்தார். 1946 முதல் ஊர்ப் பால் தொழிற்சாலையில் எடை பார்க்கும் வேலை. அந்த வேலையில் அவரைக் குறை சொன்னவர்கள் கிடையாது. ஆனால் ஊரில் யாரும் அவரை எடைக்காரர் என்று சொன்னதில்லை, பாட்டுக்காரர் என்றுதான் சொன்னார்கள்.

முதல் பாட்டை அவர் எழுதியது 1951-இல். கூட வேலை பார்த்த ஒருவரின், இருபத்தைந்தில் பாதியென்று அங்கே கொண்டாடும் பன்னிரண்டரை வருஷத் திருமண விழாவுக்காக எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டில் ஏழு சரணம் எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து பன்னிரண்டரை, இருபத்தைந்து, நாற்பது, ஐம்பது என்று எந்த வீட்டு விழா வந்தாலும் அவரிடம்தான் வந்தார்கள். 1978 வசந்தம் வரை 311 குடும்பப் பாட்டுகள் ஆகியிருந்தன. இவை தவிர, மேடைப் பாடகர்களுக்கு எழுதி இசைத்தட்டாக வந்தவை ஒன்பது. அவற்றில் ஒன்று 1964-இல் பதினொரு வாரம் வானொலியில் ஓடியது. அதை அவர் முதன்முதலில் கேட்டது பல் வைத்தியரின் நாற்காலியில். வாயில் பஞ்சு அடைத்திருந்ததால் "இது நான் எழுதினது" என்று சொல்ல முடியவில்லை. வைத்தியர் கூடவே முணுமுணுத்துக்கொண்டு, தாளம் தவறாமல் பல்லைப் பிடுங்கிவிட்டார்.

குடும்பப் பாட்டு எழுதுவதில் எவர்ட்டுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. ஒன்று, அளவு. எண்பது பேர் முதல்முறையாகப் பார்க்கும் தாளை வைத்துக்கொண்டு பாடப்போகிறார்கள். ஓர் அசை கூடினால் எண்பது பேரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவார்கள். அதனால் சைக்கிளில் போகும்போது ஒரு மிதிக்கு ஒரு தட்டு என்று வரிகளைச் சொல்லிப் பார்ப்பார். வரி சரியாக வராவிட்டால் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார். ஒருமுறை அடுத்த ஊரான பாஃப்லோ வரைக்கும் போய்விட்டார்.

இரண்டாவது, உண்மை. பெயரோ தேதியோ வாயால் சொன்னால் நம்ப மாட்டார். எழுத்தில் பார்க்க வேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. விழா வீட்டுக்கு ஏதாவது ஒரு சாக்கில் போவார். இரண்டு கோப்பை காபி குடிப்பார். பிறகு கழிப்பறை எங்கே என்று கேட்பார். அங்கே கதவின் உட்புறம் தொங்கும் பிறந்தநாள் நாட்காட்டியில் குடும்பம் முழுவதும் இருக்கும். மாதத்துக்கு ஒரு தாள், ஒவ்வொரு தேதிக்கு நேரே ஒரு பெயர், பிறந்த வருஷம். செத்துப்போனவர்கள் பெயர் மேல் கோடு. பன்னிரண்டு தாளையும் ஏழு நிமிஷத்தில் நோட்டில் இறக்கிவிட்டு வெளியே வருவார்.

"உனக்கு மூத்திரப்பையில ஏதோ கோளாறுன்னு ஊரே பேசுது" என்பாள் அவர் மனைவி ஃபென்னா. "நேத்து ரொட்டிக்கடைக்காரி எனக்குக் கஷாயம் சொல்லித் தர்றா."

"குடிச்சுட்டாப் போச்சு."

"எனக்கில்லடா, உனக்கு!"

இருபத்தேழு வருஷத்தில் அவர் பாட்டில் ஒரு பெயரும் ஒரு தேதியும் தவறாகப் போனதில்லை. இசைத்தட்டில் பாடகர் பெயர் கொட்டை எழுத்திலும் தன் பெயர் எறும்பு அளவிலும் இருந்ததைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. ஆனால் "எவர்ட் எழுதியிருந்தா அது சரியாத்தான் இருக்கும்" என்று ஊரில் யாராவது சொன்னால் மட்டும் காது சிவந்துவிடும்.

312-ஆவது பாட்டு தச்சர் ஹார்மன் வீட்டுக்காக. ஹார்மனும் நேலும் கல்யாணம் செய்துகொண்டது 1938 ஏப்ரல் 20. நாற்பது வருஷ விழாவை ஏப்ரல் 22, சனிக்கிழமை மாலை, காபிக்கடை மண்டபத்தில் வைத்திருந்தார்கள். பாட்டுக்குச் சொன்னவள் மகள் ஹில்லி.

பிப்ரவரியில் எவர்ட் ஒரு புத்தக அலமாரி வேண்டும் என்ற சாக்கில் ஹார்மன் வீட்டுக்குப் போனார். அவர் கழிப்பறையைக் கேட்டதுமே ஹார்மனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் ஊர் வழக்கப்படி புரியாததுபோல் இருந்தார்.

நாட்காட்டியில் அக்டோபர் 2-க்கு நேரே "லம்மர்ட், 1914" என்று இருந்தது. அதன் மேல் அடிக்கோல் வைத்து, தச்சர் பென்சிலால் இழுத்த தடித்த கோடு. லம்மர்ட் ஹார்மனின் அண்ணன். பிறகு கூடத்தில் ஒரு சின்னக் கிளாஸ் யெனேவர் சாராயம் உள்ளே போனதும் ஹார்மன் தானாகவே அந்தப் பேச்சை எடுத்தார்.

"எங்க அண்ணன் இருந்தானே, அவனை மாதிரி பனியில சறுக்கு ஓட்ட இந்தப் பக்கத்துல ஆளே இல்ல. இருபத்தொன்பதுல ஆத்துப் பனி ஒடைஞ்சு நான் உள்ள போயிட்டேன். எனக்குப் பன்னெண்டு வயசு. அவன் வயித்தால ஊர்ந்து வந்து, என் முடியைப் பிடிச்சு இழுத்துப் போட்டான். ரொம்ப நல்லவனா இருந்தான்."

அந்தக் கதையை மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் இருந்தான் என்றே முடித்தார். சமையலறையில் நேல் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். எவர்ட் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். எழுத்தில் கோடு இருக்கிறது, வாயிலும் அப்படியே வருகிறது. இதற்கு மேல் அவர் யாரையும் கேட்கவில்லை.

அன்று சைக்கிளில் வீடு சேர்வதற்குள் ஐந்தாம் சரணம் வந்துவிட்டது:

*பனி பிளந்து பன்னிரண்டு வயசுப் பையன் உள்ளே போனான்,*
*பார்த்த அண்ணன் வயிற்றால் ஊர்ந்து பக்கத்திலே வந்தான்.*
*தலைமுடியைப் பிடித்திழுத்துத் தரையில் சேர்த்த கையே!*
*லம்மர்ட், மேலே இருந்து பார், மறக்கவில்லை தம்பியே!*

பாட்டை விழாவுக்கு முன்னால் யாருக்கும் காட்டுவது அவர் வழக்கமில்லை. ஹில்லிக்கும் காட்டவில்லை. தானே சைக்ளோஸ்டைல் செய்து, நீல அட்டை போட்டு, பின் அடித்து 84 பிரதிகளைப் பெட்டியில் கட்டினார். சனிக்கிழமை காலை அந்தப் பெட்டியை ரொட்டிக்கடையில் கொடுத்தார், கேக்கோடு சேர்த்து மண்டபத்துக்குப் போகட்டும் என்று.

பத்து இருபதுக்கு ரொட்டிக்கடைக்காரி தெருவில் ஓடிவந்து அவர் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினாள். கையில் ஒரு நீலப் பிரதி.

"எவர்ட், லம்மர்ட் எப்பச் செத்தார்?"

"அந்தத் தேதி எனக்குத் தெரியாது. கோடு போட்டிருந்தது."

"நேத்துத்தானே ரெண்டு கம்பு ரொட்டி வாங்கிட்டுப் போனார்! பாக்கிச் சில்லறைக்கு என்கூட சண்டை வேற போட்டார்."

எவர்ட் சைக்கிளை விட்டு இறங்கினார். பத்தொன்பது வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை என்பதை அவள் அங்கேயே நின்று சொல்லி முடித்தாள். 1959 அக்டோபர் 2-ஆம் தேதி லம்மர்ட் வீட்டில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கேக்கை வெட்டாமல் சாயங்காலம் வரை காத்திருந்தார்களாம். தம்பி குடும்பம் மட்டும் வரவில்லையாம். அடுத்து வந்த பிப்ரவரியில் ஹார்மன் பிறந்தநாளுக்கு லம்மர்ட் போகவில்லையாம். அன்றைக்கே ஹார்மன் அடிக்கோலை எடுத்தாராம்.

"இதை நீ யார்கிட்டயும் சொல்லலையே?" என்றார் எவர்ட்.

"சேச்சே. மூணு பேருக்கு மேல சொல்லல."

எவர்ட்டுக்கு வழியில்லாமல் இல்லை. பெட்டியைத் திரும்ப வாங்கி, 84 பிரதியிலும் ஐந்தாம் சரணத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிடலாம். ஆனால் மூன்று பேருக்குத் தெரிந்தது மத்தியானத்துக்குள் மூன்று தெருவுக்குத் தெரியும். நாற்பது வருஷ விழா கேலிக்கூத்தாகப் போகும். உயிரோடு இருக்கிறவரைச் சாகடித்த பாட்டுக்காரரிடம் இனி எந்த வீடு வந்து பாட்டுக் கேட்கும்? அதைவிட, எவர்ட் எழுதியிருந்தால் சரியாக இருக்கும் என்று இனி யார் சொல்வார்கள்?

அவர் பாஃப்லோ பாதையில் சைக்கிளைத் திருப்பினார். லம்மர்ட் வீடு அந்தப் பக்கம் நாலு கிலோமீட்டர் என்று ரொட்டிக்கடைக்காரி சொல்லியிருந்தாள். அந்த ஒரு நாள்தான் மிதிகளை எண்ணாமல் போனார்.

லம்மர்ட் தோட்டத்தில் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்:

"வாங்க பாட்டுக்காரரே. நான் செத்துட்டேனாமே? எதுல போனேன்? நெஞ்சு வலியா?"

"மன்னிக்கணும். தப்பு என்னோடதுதான்."

"இல்ல, பொண்டாட்டி கேக்குறா. இவளுக்கு விதவைப் பென்ஷன் எழுதிப் போடணும்ல."

வீட்டுக்குள்ளிருந்து பெண் குரல் சிரித்தது.

"அந்தச் சரணத்தை எடுத்துடறேன்" என்றார் எவர்ட். "நீங்க அனுமதி குடுத்தா, விழாவுல எந்திரிச்சு நின்னு மன்னிப்பும் கேட்டுடறேன்."

"அது அப்புறம். மொதல்ல பாடுங்க."

"இங்கயா?"

"எனக்கு எழுதினதை நான் கேக்கக் கூடாதா?"

எவர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உருளைக்கிழங்கு வரப்பில் நின்று பாடினார். குரல் ஒன்றும் பெரிதில்லை. லம்மர்ட் மண்வெட்டியின் மேல் சாய்ந்து கேட்டார். முடிந்ததும் மண்வெட்டியை வரப்பில் குத்தி நிறுத்தினார். பிறகு கைக்குட்டையை எடுத்து எக்காளம் ஊதுகிற மாதிரி மூக்கைச் சிந்தினார்.

"இதை உங்களுக்கு யாரு சொன்னது?"

"உங்க தம்பிதான். மூணு தடவை சொன்னார். அவராத்தான் சொன்னார், நான் கேக்கல."

"மூணு தடவையா?"

"மூணு."

லம்மர்ட் ஒரு கிழங்கை எடுத்துத் துடைத்து, பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். "முடியைப் பிடிச்சு இழுக்கலய்யா. அவனுக்கு அப்பவே முடி கம்மி. கழுத்துத் துண்டைப் பிடிச்சு இழுத்தேன். சிவப்புத் துண்டு, எங்கம்மா பின்னினது."

எவர்ட் உடனே நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். "அப்ப மாத்திடறேன். இன்னும் நேரம் இருக்கு."

"ஒரு எழுத்தைத் தொட்டீங்கன்னா ஒதைப்பேன்" என்றார் லம்மர்ட். "அப்படியே பாடட்டும். அந்தக் கழுதை எந்த மூஞ்சியோட என்னை மேல அனுப்பிப் பாடுதுன்னு ஊரு பாக்கட்டும்."

"நீங்க வருவீங்களா?"

"செத்தவனை எவன்யா விருந்துக்குக் கூப்பிடுவான்?"

சொல்லிவிட்டு மறுபடி கிழங்கு நடக் குனிந்துவிட்டார். எவர்ட் அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டு, சரணத்தைத் தொடாமல் விட்டார்.

மாலை ஏழரைக்கு மண்டபத்தில் 84 நாற்காலியும் நிறைந்தன. பூ வைத்த இரண்டு நாற்காலிகளில் ஹார்மனும் நேலும். அக்கார்டியன்காரர் மெட்டை ஒருமுறை வாசித்துக் காட்டினார். நான்கு சரணம் நன்றாகப் போயிற்று. நேல் சாவியை உலைப்பானைக்குள் போட்டுச் சூப் வைத்த சரணத்தில் அவளே எல்லோரையும்விட உரக்கப் பாடினாள். எவர்ட் கதவோரம் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். ஃபென்னா அவர் காதில் சொன்னாள்: "நெசமாவே இப்ப உனக்குக் கழிப்பறை வேணும்போல இருக்கே?"

ஐந்தாம் சரணம் வந்தது. பாதிப் பேருக்கு விஷயம் தெரியும், அவர்கள் குரலை இறக்கினார்கள். தெரியாதவர்கள் உருக்கமாகப் பாடினார்கள். ஹார்மனின் கண் தாளிலேயே நின்றுவிட்டது. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. *லம்மர்ட், மேலே இருந்து பார்* என்று கூட்டம் பாடி முடிப்பதற்குள், வாத்தியக்காரர்கள் உட்கார்கிற மாடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பாத்துக்கிட்டுத்தாண்டா இருக்கேன்! முடி இல்லடா, துண்டு!"

அக்கார்டியன் நின்றது. மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கோட்டில் லம்மர்ட் நின்றார். கூட அவர் மனைவி, கையில் ஒரு பூந்தொட்டி.

ஹார்மன் எழுந்தார். 

"முடிதான்!" என்று கத்தினார் ஹார்மன். "ஒரு வாரம் எனக்குத் தலை வலிச்சுது!"

"பனியில முட்டிக்கிட்டா வலிக்காதா? துண்டுடா! சிவப்பு!"

"துண்டு எங்கிட்டத்தான் இருக்கு" என்றாள் நேல். "பெட்டியில. ஒரு ஓரம் இழுத்து நைஞ்சு போயிருக்கு. ஹார்மன், நீ உக்காரு." பிறகு அவள் மேலே பார்த்தாள். பத்தொன்பது வருஷமாக வைத்திருந்ததை எண்பது பேர் நடுவில் சொன்னாள்: "லம்மர்ட், அன்னிக்கு வராததுக்கு இவர் காரணம் இல்ல. அக்டோபர் பொறந்தும் நான் தாளைத் திருப்பல. நாட்காட்டி செப்டம்பர்லயே தொங்குச்சு, உங்க பொறந்தநாள் கண்ணுலயே படல. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

எண்பது தலையும் மாடத்துப் பக்கம் திரும்பின. பிறகு லம்மர்ட்டின் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். அதன்பின் யாராலும் அடக்க முடியவில்லை. ஹார்மன் மட்டும் மனைவியையும் அண்ணனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "கீழ எறங்கி வா. கேக் இருக்கு" என்றார்.

லம்மர்ட் இறங்கி வந்தார். வழக்கப்படி முதல் வரிசையில் தொடங்கி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னார். ஒருவரையும் விடவில்லை. அது முடிய இருபத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. கடைசியாகத் தம்பியிடம் வந்து, கையை நீட்டிவிட்டு, கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டார்.

"பாத்தியா, இப்படித்தான் இழுத்தேன்" என்றார்.

ஐந்தாம் சரணத்தை அன்று மூன்று தடவை பாடினார்கள். எவர்ட் மன்னிப்புக் கேட்க முன்னே வந்தபோது யாரும் கேட்கிற நிலையில் இல்லை. வெளியே போகும்போது ஒரு அம்மாள் அவர் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப் போனாள்.

"என் தங்கச்சி ஆறு வருஷமா எங்கிட்டப் பேசல. அக்டோபர்ல எங்களுக்கு வெள்ளி விழா. அவளையும் கொஞ்சம் கொன்னுடறீங்களா?"

"அதெல்லாம் கேட்டுச் செய்யறதில்லம்மா" என்றார் எவர்ட். ஆனால் நோட்டில் தேதியைக் குறித்துக்கொண்டார்.

மே மாதம் புத்தக அலமாரி தயாராகிவிட்டது என்று ஹார்மன் ஆள் அனுப்பினார். சாக்குக்காகக் கேட்ட அலமாரி நிஜமாகவே வந்து நின்றது. இரண்டு கோப்பை காபிக்குப் பிறகு எவர்ட் பழக்கத்தில் கழிப்பறைக்குப் போனார்.

தாள் மே மாதத்துக்குச் சரியாகத் திருப்பியிருந்தது. அவர் அக்டோபரைத் தூக்கிப் பார்த்தார். பழைய கோடு அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக "லம்மர்ட்" என்று எழுதியிருந்தது, பென்சிலில். ஹார்மன் முன்யோசனைக்காரர்.

பிறகு ஜூனைத் தூக்கினார். அங்கே மையில், நேலின் கையெழுத்தில், "எவர்ட், பாட்டு" என்று இருந்தது. 13-ஆம் தேதிக்கு நேரே.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். அடுத்த வரி, 14, காலியாக இருந்தது. மூடியைப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தார்.

ஒவ்வொரு வருஷமும் அந்த வீட்டிலிருந்து அவருக்கு வாழ்த்து அட்டை ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடும். ஃபென்னா ஒவ்வொரு வருஷமும் "போய்ச் சொல்லிடேன்" என்பாள். அவர் அட்டையை அந்த அலமாரியின் மேல் நிறுத்தி வைத்து, 13-ஆம் தேதியே கேக்கை வெட்டிவிடுவார்.